அறிவியல் துறைகளில் பின்முனைவர் ஆய்வுப் பணி: விளம்பரத்திற்கு முன் தொடங்கும் தேடல்

முன்னுரை

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவருள் சிலர் இன்று வேதியியல், உயிரியல், இயற்பியல் முதலான துறைகளில் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்யும் நிலையில் உள்ளனர். அவர்களுள் பலருடைய குடும்பத்தில் பல்கலைக்கழக ஆய்வுலகை அறிந்தோர் எவரும் இலர். ஆகவே, 'அடுத்து என்ன செய்வது?' என்ற வினாவோடு அவர்கள் நாடி வருவது, துறை வேறாயினும், தாம் நெடுநாள் அறிந்த தமிழாசிரியரையும் விரிவுரையாளரையுமே ஆகும். நாம் கூறும் விடையோ பெரும்பாலும் நமது சொந்தப் பட்டறிவிலிருந்து பிறக்கிறது. கல்விச் சேவை ஆணையத்தின் அறிவிப்பு வரும். படிவத்தை நிரப்ப வேண்டும். சான்றிதழ் நகல்களை இணைக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆசிரியப் பணிக்கு இவ்வழி பொருந்தும். அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்திற்குப் பின் செய்யப்பெறும் ஆய்வுப் பணிக்கு இது போதாது. அங்குப் பணியிடம் பல வேளைகளில் ஓர் ஆய்வுக்கூடத் தலைவருக்கும் ஓர் இளம் ஆய்வாளருக்கும் இடையே, விளம்பரம் வெளிவருவதற்கு முன்னரே உருவாகத் தொடங்கிவிடுகிறது. இதனை அறியாது காத்திருப்போர் தகுதியின்மையால் அன்று, காலம் கடந்தமையால் வாய்ப்பை இழக்கின்றனர். அத்தேடல் இயங்கும் முறையை நாமும் அறிந்திருத்தல் நலம் என்னும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது.

சொல்லும் பொருளும்

இப்பணியைக் குறிக்க 'முதுமுனைவர் ஆய்வு' என்னும் தொடர் தமிழில் வழங்கி வருகிறது. ஆயினும் அச்சொல் நம் செவிக்கு டி.லிட். போன்ற உயர் பட்டத்தையே நினைவூட்டுகிறது. தமிழறிஞர் சிலருடைய பெயருக்கு முன்னே அது பட்டமாக நிற்பதையும் அறிவோம். அறிவியல் ஆய்வாளர் 'போஸ்ட்டாக்' என்று சொல்வது பட்டம் அன்று. அது ஊதியத்தோடும் கால வரையறையோடும் கூடிய பணி. பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிப்பது. தேர்வோ பட்டமளிப்போ இல்லாதது. எனவே இக்கட்டுரையில் 'பின்முனைவர் ஆய்வு' என்றே குறிக்கிறோம். பெற்றோருக்கு விளக்கும்போது இவ்வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 'இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாயா?' என்ற கேள்வியால் மனம் நொந்த இளைஞர் பலர்.

இம்முறை அமெரிக்காவில் வேரூன்றியது. 1876ஆம் ஆண்டு தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே ஆய்வு உதவித்தொகைகளை வழங்கியது. 1919ஆம் ஆண்டு ராக்பெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியோடு அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றம் இயற்பியலிலும் வேதியியலிலும் முனைவர் பட்டம் பெற்றோருக்கென உதவித்தொகைகளை ஏற்படுத்தியது. அன்று அது சிலருக்குக் கிட்டிய சிறப்பு. இன்று அறிவியலில் விரிவுரையாளர் பணியை நாடும் ஒருவர் ஏறத்தாழக் கட்டாயமாகக் கடக்க வேண்டிய படி.

பதவிப் பெயர்களில் உள்ள குழப்பமும் சிறிதன்று. சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களில் 'ரிசர்ச் பெல்லோ' என்று விளம்பரம் செய்யப்படுவதே பின்முனைவர் பணி; 'ரிசர்ச் அசோசியேட்' என்பது பெரும்பாலும் முதுகலைப் பட்டம் பெற்றவருக்கு உரியது. பிரிட்டனிலோ அதே 'ரிசர்ச் அசோசியேட்' முனைவர் பட்டம் பெற்றவரைக் குறிக்கும். ஜெர்மனியில் முனைவர் பட்ட மாணவரும் பட்டம் பெற்றவரும் ஒரே பதவிப் பெயரின் கீழ் அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் படியில் அமர்த்தப்படுவதுண்டு. ஆதலால் பெயரை மட்டும் கொண்டு தேடும் மாணவர் தமக்குரிய விளம்பரங்களுள் பாதியைத் தவறவிடுவர். பொருந்தாத சிலவற்றுக்கும் விண்ணப்பிப்பர்.

ஊதியம் எங்கிருந்து வருகிறது?

பின்முனைவர் பணியைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது 'காலியிடம் எங்கே உள்ளது?' என்பதன்று, 'பணம் எங்கே உள்ளது?' என்பதே. இவ்வூதியம் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, பேராசிரியர் தம் ஆய்வுத் திட்டத்திற்கெனப் பெற்ற மானியம். மற்றொன்று, ஆய்வாளர் தம் பெயரிலேயே வென்றுகொள்ளும் உதவித்தொகை.

முதல் வழியை விரிவாகக் காண்போம். ஒரு பேராசிரியர் மானியத்திற்கு விண்ணப்பிக்கும்போதே, 'இத்திட்டத்தில் ஒரு பின்முனைவர் ஆய்வாளர் ஈராண்டு பணிபுரிவார்' என்று வரவு செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறார். மானியம் கிடைத்ததும் அதன் காலம் ஓடத் தொடங்கிவிடும். திட்டம் முடிவதற்குள் முடிவுகளைக் காட்ட வேண்டியிருப்பதால், தகுந்தவரை விரைவில் அமர்த்த அவர் விழைவார். முன்னரே அவரோடு தொடர்புகொண்டவரோ, மாநாட்டில் அவர் சந்தித்தவரோ, நண்பரான பேராசிரியர் பரிந்துரைத்தவரோ அவர் நினைவில் முதலில் தோன்றுவார். பல்கலைக்கழக விதிகள் விளம்பரத்தை வேண்டுவதால் விளம்பரமும் வெளிவரும். அவ்விளம்பரங்களுள் பல உண்மையாகவே எவருக்கும் திறந்தவை. சில, ஒருவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. படிப்போருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. விண்ணப்பம் அனுப்புவதை இதனால் கைவிட வேண்டியதில்லை. அதனை மட்டும் நம்பியிருப்பதே தவறு.

அவ்வாறாயின் யாரிடம் மானியம் உள்ளது என்பதை எவ்வாறு அறிவது? நம் மாணவருள் பலர் அறியாத செய்தி இது: பொதுப்பணத்தில் வழங்கப்படும் மானியங்களின் விவரங்களைப் பல நாடுகள் எவரும் பார்க்கும்படி வெளியிட்டுள்ளன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு 'ரிப்போர்ட்டர்' என்னும் தரவுத்தளம் உண்டு. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறநிறுவனத்திற்கும் தனியே ஒன்று உண்டு. பிரிட்டனில் 'கேட்வே டு ரிசர்ச்', ஐரோப்பிய ஒன்றியத்தில் 'கார்டிஸ்', ஜெர்மனியில் 'கெப்ரிஸ்', ஜப்பானில் 'காக்கென்' என்பன இத்தகையவை. ஆய்வுப் பொருளைக் குறிக்கும் ஓரிரு சொற்களை இட்டால், எந்தப் பேராசிரியர் எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தலைப்பில் மானியம் பெற்றுள்ளார், அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பன தெரியவரும். தொகையையும் பல தளங்கள் காட்டும். எண்ணெய்ப்பனைக் கழிவிலிருந்து வினையூக்கி செய்வதை ஆய்ந்த ஒரு மலேசிய மாணவரை எடுத்துக்கொள்வோம். தாவரக் கழிவு வேதியியலில் அண்மையில் தொடங்கிய திட்டங்களைத் தேடி, இன்னும் ஈராண்டேனும் எஞ்சியுள்ளவற்றைக் குறித்துக்கொண்டால், மடல் எழுதத் தக்கவரின் பட்டியல் ஒரு மாலைப்பொழுதில் உருவாகிவிடும். மானியம் முடியும் தறுவாயில் உள்ள பேராசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும், மடலை விரும்பிப் படித்தாலும், ஊதியம் தர இயலாதவராக இருக்கலாம்.

மானியச் சூழல் நிலையானதன்று என்பதையும் மாணவருக்கு உணர்த்த வேண்டும். 2025ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூட்டரசு மானியங்கள் பல இடையிலேயே நிறுத்தப்பட்டன. பல்கலைக்கழகங்கள் பல புதிய நியமனங்களைத் தள்ளிவைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்கள் சிலவற்றுக்கு 100,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஒரே நாட்டை மட்டும் நம்பித் தேடுவது அறிவுடைமை ஆகாது.

மடல் எழுதும் கலை

மடல் எழுதத் தயங்குவதே நம் மாணவரிடம் காணும் பெருங்குறை. பெரியவரிடம் அழைப்பின்றிப் பேசுதல் பணிவன்று என்ற எண்ணம் நம் வளர்ப்பில் ஊறியது. அதனை மீறி எழுதுவோரும் பெரும்பாலும் புகழுரையில் தொடங்கிவிடுகின்றனர். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு வாய்ப்பளிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதப்பெறும் மடல், ஒரே நாளில் நூறு பேருக்கு அனுப்பப்பட்டது என்ற ஐயத்தையே படிப்பவரிடம் எழுப்பும். பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்படும் அத்தகைய மடல்கள் பேராசிரியர்களுக்கு நாள்தோறும் வருவதால் அவை பெரும்பாலும் விடை பெறுவதில்லை.

பயன்தரும் மடல் குறுகியது. அப்பேராசிரியரின் அண்மைய கட்டுரை ஒன்றைக் குறித்து, அதில் எழுந்த ஒரு வினாவை முதல் பத்தி சொல்லும். தாம் செய்த ஆய்வு யாது, கைவந்த கருவிநுட்பங்கள் யாவை என்பதை இரண்டாம் பத்தி சொல்லும். எப்போது பட்டம் பெறக்கூடும், எப்போது பணியில் சேர இயலும், மானியம் இல்லையெனில் எந்த உதவித்தொகைக்கு அவரோடு சேர்ந்து விண்ணப்பிக்க விருப்பம் என்பதை மூன்றாம் பத்தி சொல்லும். தன்விவரக் குறிப்போடு சிறந்த கட்டுரை ஒன்றை இணைத்தால் போதும். இரு வாரத்தில் விடை வாராவிடின் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டா. மூன்றாம் பத்தியின் இறுதித் தொடரே மடலின் உயிர் என்பது நம் கருத்து. பணம் கேட்டு வருபவரைக் காட்டிலும், பணத்தைத் தேடிக்கொள்ள ஒரு வழியோடு வருபவருக்கே கதவு எளிதில் திறக்கும்.

ஒரு மடல் எத்துணைத் தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்குச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் வாழ்க்கை தக்க சான்று. 1976ஆம் ஆண்டு ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், உயிரியலுக்கு மாற விரும்பிச் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டொனால்ட் எங்கல்மன், பீட்டர் மூர் ஆகியோர் ரைபோசோம் பற்றிச் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரையை அவர் படித்திருந்தார். எங்கல்மனுக்கு மடல் எழுதினார். பணி கிடைத்ததோ மூரின் ஆய்வுக்கூடத்தில். 1978ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய ரைபோசோம் ஆய்வே 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டுசென்றது. எனினும் அவர் வாழ்வின் மறுபக்கத்தையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். பின்முனைவர் பணிக்குப் பின் நிலையான பேராசிரியர் பணி வேண்டி அமெரிக்காவில் ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு அவர் விண்ணப்பித்தார், ஒன்றும் கைகூடவில்லை. 1983ஆம் ஆண்டு புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்த பின்னரே அவருக்கு ஊன்றி நின்று ஆய்வு செய்ய இடம் அமைந்தது.

உதவித்தொகையும் காலக் கெடுவும்

இரண்டாம் வழியாகிய உதவித்தொகையை நம் நாட்டில் உபகாரச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. ஒப்புமை முழுமையானதன்று. மதிப்பெண்ணும் பொருளாதார நிலையும் இங்கே அளவுகோல் அல்ல. ஆய்வுத் திட்டமும், வரவேற்கும் ஆய்வுக்கூடமும், வெளியிட்ட கட்டுரைகளுமே அளவுகோல். மேலும், இவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே வரவேற்கும் பேராசிரியர் ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே மேற்சொன்ன மடல் இவ்வழிக்கும் இன்றியமையாதது.

இவற்றுள் கவனிக்க வேண்டியது, முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து ஓடும் கடிகாரம். ஜெர்மனியின் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் அறக்கட்டளை, பின்முனைவர் நிலையில் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்கு உட்பட்டவரையே ஏற்கிறது. உதவித்தொகையின் காலம் 6 முதல் 24 மாதங்கள். ஜப்பானிய அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் வெளிநாட்டு ஆய்வாளருக்கான திட்டத்தில் இவ்வரம்பு 6 ஆண்டு. அங்கு விண்ணப்பத்தைக் கழகத்திடம் சேர்ப்பது வரவேற்கும் ஜப்பானிய நிறுவனம் என்பதால், அதன் உட்கெடு இன்னும் முந்தியதாக இருக்கும். 'எம்போ' எனப்படும் ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் அமைப்பிலோ 2 ஆண்டு மட்டுமே. பட்டம் பெற்றபின் 'நல்ல அறிவிப்பு வரட்டும்' என்று தனிப்பயிற்சி வகுப்பிலோ தற்காலிக ஆசிரியர் பணியிலோ மூன்றாண்டைக் கழிக்கும் ஒருவருக்கு எம்போவின் கதவு மூடிவிட்டது. ஹம்போல்டின் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. இது எவரும் அவருக்குச் சொல்லாத செய்தி. நாம் முனைந்து சொல்ல வேண்டிய செய்தியும் இதுவே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகை எந்நாட்டவருக்கும் திறந்தது. செல்லவிருக்கும் நாட்டில், கெடு நாளுக்கு முந்திய 36 மாதங்களுள் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருத்தல் கூடாது என்பது அதன் விதி. நம் மாணவர் பெரும்பாலோருக்கு இது தடையன்று. கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். முடிவு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தெரியும். 2025ஆம் ஆண்டு 17,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இத்தகைய போட்டியில் ஒரே விண்ணப்பத்தை நம்பியிருத்தல் இயலாது.

துறைக்குத் துறை பருவமும் வேறுபடுகிறது. உயிரியலிலும் வேதியியலிலும் ஆண்டு முழுதும் இடங்கள் தோன்றும். வானியலில் பெரும்பகுதி அமெரிக்க வானியல் கழகத்தின் பணி அறிவிப்பேட்டில் இலையுதிர் காலத்தில் வெளியாகி, ஆண்டிறுதிக்குள் கெடு முடிகிறது. பிப்ரவரி 15க்கு முன் எவரையும் முடிவு கூறுமாறு வற்புறுத்தலாகாது என்பது அக்கழகத்தின் கொள்கை. கணிதத்தில் 'மேத்ஜாப்ஸ்' என்னும் ஒரே தளத்தில் பெரும்பாலான விண்ணப்பங்கள் சேர்கின்றன. பிரிட்டனுக்கு 'ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே', ஐரோப்பாவுக்கு 'யூராக்சஸ்' ஆகியவற்றைப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு ஓராண்டுக்கு முன்னரே தேடல் தொடங்க வேண்டும் என்பது புலனாகும். நம் பல்கலைக்கழகங்களில் ஒப்படைப்புக்குப் பின்னும் தேர்வாளர் அறிக்கை, வாய்மொழித் தேர்வு, திருத்தம், செனட் ஒப்புதல் என மாதங்கள் கழிகின்றன. அம்மாதங்களை வெறும் காத்திருப்பாகக் கருதாமல் மடலுக்கும் திட்டவரைவுக்கும் உரியனவாகக் கொள்ள வேண்டும். பட்டத்தின் நாளைச் சில அமைப்புகள் சான்றிதழிலிருந்தும் சில வாய்மொழித் தேர்விலிருந்தும் கணக்கிடுவதால், ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியே படித்தறிதல் வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்

இங்கு நம் பழக்கம் ஒன்றைச் சுட்டிக்காட்டுதல் தகும். 'இதனைக் காண்போர்க்கு' என்று தலைப்பிட்டு, 'இவர் ஒழுக்கமும் உழைப்பும் மிக்கவர்' என்று எழுதி, கையொப்பமிட்டு மாணவரிடமே கொடுக்கும் நற்சான்றிதழ் நம் பள்ளிகளில் வழக்கம். பின்முனைவர் பணிக்கு அது பயன்படாது. பரிந்துரைப்பவர் பெயர்கள் இரண்டு மூன்றைக் கேட்டு, தேர்வுக்குழு அவரிடமிருந்தே மறைவாகக் கடிதம் பெறும். மாணவர் எந்தச் சிக்கலைத் தாமே கண்டறிந்தார், எதனைப் பிறர் உதவியின்றித் தீர்த்தார், முன்னைய மாணவரோடு ஒப்பிட எந்நிலையில் நிற்கிறார் என்பனவற்றை அக்கடிதம் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் மட்டுமே தம்மை நன்கறிந்தவர் என்ற நிலையில் ஆய்வை முடிப்பவர் இவ்விடத்தில் தடுமாறுவர். எனவே இரண்டாம் ஆண்டிலேயே வேறொரு பேராசிரியரோடு கூட்டாய்வு செய்யவும், மாநாட்டில் கட்டுரை படைக்கவும் மாணவரைத் தூண்ட வேண்டும். தமிழாசிரியராகிய நாம் அறிவியல் பணிக்குப் பரிந்துரையாளராதல் பொருந்தாது. ஆனால் மடலைப் படித்துத் திருத்துதல், நேர்காணல் உரையைக் கேட்டுத் தெளிவில்லாத இடத்தைச் சுட்டுதல் ஆகியவற்றை நாம் நன்கு செய்யலாம். துறை அறியாத ஒருவருக்கு விளங்குமாறு பேசிப் பழகியவர் துறை அறிந்தோரிடம் தடுமாறுவதில்லை.

நேர்காணலும் ஒப்பந்தமும்

நேர்காணல் பெரும்பாலும் தம் முனைவர் ஆய்வைப் பற்றிய ஓர் உரையோடு தொடங்கி, ஆய்வுக்கூடத்தினரோடு தனித்தனி உரையாடலாகத் தொடரும். இன்று இணையவழியாகவே பெரும்பகுதி நடைபெறுகிறது. அங்கு வினா கேட்கும் உரிமை இருபாலார்க்கும் உண்டு என்பதை நம் மாணவர் உணர்வதில்லை. ஊதியம் எத்தனை மாதத்திற்கு உறுதி? ஓராண்டு ஒப்பந்தமாயின் புதுப்பித்தல் எதனைப் பொறுத்தது? கட்டுரையில் பெயர் வரிசையை முடிவு செய்வது எவ்வாறு? பணி முடிந்து செல்லும்போது ஆய்வின் ஒரு பகுதியைத் தம்மோடு எடுத்துச்செல்லலாமா? முன்னர் அங்கிருந்தவர்கள் இப்போது எங்கே உள்ளனர்? இறுதி வினாவுக்கு விடையைப் பேராசிரியரிடம் மட்டுமன்றி அம்முன்னோரிடமும் கேட்பது நல்லது. இளம் ஆய்வாளரைக் கைகளாக மட்டும் பயன்படுத்தி, அவர் பெயரில் ஒரு கட்டுரையும் வெளிவராமல் அனுப்பிவிடும் ஆய்வுக்கூடங்களும் உலகில் இல்லாமல் இல்லை. அவற்றை வெளியிலிருந்து அறிய வேறு வழி கிடையாது.

அரசு உபகாரச் சம்பளத்தில் பயின்றவர் தம் பிணைப்பு ஒப்பந்தத்தை முதலிலேயே எடுத்துப் படிக்க வேண்டும். பணிக்கடமையைத் தள்ளிவைக்க இசைவு பெறுவது, வேலை உறுதியான பின்னர் தொடங்கத்தக்க செயலன்று. வாய்ப்பளிப்பதாகக் கூறிப் பதிவுக் கட்டணமோ 'செயலாக்கக் கட்டணமோ' கேட்கும் மின்னஞ்சல் எதுவாயினும், அது எப்பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்திருப்பினும், புறக்கணிக்கத்தக்கது. பின்முனைவர் பணிக்கு அமர்த்தும் பேராசிரியர் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. விசா கட்டணம், பயணச் செலவு, குடியிருப்புக்கான முன்பணம் ஆகியவற்றை யார் ஏற்பது என்பதை மட்டும் பணி நியமனக் கடிதத்தில் கையொப்பமிடும் முன் எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும். முதல் மாத ஊதியம் அம்மாத இறுதியில்தான் கைக்கு வரும்.